எனக்கு வராத கடிதம்

அரசாங்க உறை எதைக் கண்டாலும் உடைத்துவிடுவது என் வியாதி. ஒன்பது வயதில் பிடித்தது. மேற்கு ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டில் ஜெர்மன் ஒழுங்காக வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். விசா அலுவலகம், வேலை அலுவலகம், வீட்டுக்காரன், அப்பாவின் பல் வைத்தியர், யார் எழுதினாலும் கடிதம் என் கைக்குத்தான் வரும். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, உடைத்து, வாசித்து, தமிழில் சொல்லுவேன். உறையில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கமே எனக்கு வரவில்லை. எங்களைப்போல இங்கே வளர்ந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. கலியாணம் கட்டி இருபது வருஷம் கழிந்தும் எனக்கு அது சுகமாகவில்லை.

அப்படித்தான் என் கணவருக்கு வந்த அந்தக் கடிதத்தையும் உடைத்தேன். கண் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கக் கிழவர்களுக்குத் தெர்மின், அதாவது வைத்தியரைக் காண நாளும் நேரமும், கொடுத்துக் களைத்து வந்த ஒரு பின்னேரம். தடித்த உறை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே கிழித்தேன். உள்ளே இருந்தது என் கணவருடைய அப்பாவைப் பற்றி அந்நாளைய கிழக்கு ஜெர்மனியின் இரகசியப் பொலிஸ் வைத்திருந்த கோப்பின் பிரதி.

இந்தக் கோப்பைப் பற்றிச் சொல்லுமுன் இந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். என் கணவர் லைப்சிக்காரர். பெர்லின் சுவர் இருந்த காலத்தில் கிழக்கில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா, நான் கண்ணால் காணாத என் மாமா, புவியியல் படிப்பித்தவர். சுவர் விழுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னர் அவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, ஒரு பால் தொழிற்சாலையின் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளப் போட்டார்கள். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஹங்கேரிக்குப் போய், எல்லையில் இருக்கும் ஏரியை ஒரு றப்பர் படகில் கடந்து மேற்குக்கு ஓடிவிட அவர் யோசித்திருந்தார். அதை யாரோ பொலிசுக்குச் சொல்லிவிட்டார்கள்.

அந்த யோசனையை அவர் வீட்டுக்கு வெளியே வாய் திறந்து சொன்னதில்லை. கேட்டவர்கள் மூன்றே பேர். மாமி, மூத்த மகன், இளைய மகன். இளையவர்தான் என் கணவர். அப்போது பத்து வயது. மூத்தவருக்குப் பத்தொன்பது, கட்டாய இராணுவச் சேவையில் இருந்தார். ஆளும் கட்சியின் இளைஞர் அணியில் கொடி பிடித்தவர். லீவில் வந்தபோது அந்தப் படகு யோசனைக்காகத் தகப்பனோடு வாய்ச்சண்டை போட்டவரும் அவர்தான். பிறகென்ன, வழக்கே தேவைப்படவில்லை, தீர்ப்பு தானாக எழுதப்பட்டுவிட்டது. மாமா மூத்த மகனோடு சாகும்வரை பேசவில்லை. சுவர் விழுந்து நாடு ஒன்றான சில வருஷத்தில், நெஞ்சு முழுக்கக் கரித்தூளோடு போய்ச் சேர்ந்தார். மூத்தவர் 'நான் செய்யவில்லை' என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'செய்தேன்' என்றும் சொன்னதில்லை.

எங்கள் ஆட்களுக்கு இதையெல்லாம் விளங்கப்படுத்தவேண்டியதில்லை. முகமூடியோடு இராணுவ ஜீப்பில் இருந்து தலையை ஆட்டிப் பெடியளைக் காட்டிக்கொடுத்தவனுக்கு ஊரில் தலையாட்டி என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் என் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவா. ஆகவே, கலியாணம் கட்டி வந்த புதிதில் கணவர் தன் தமையனைப் பற்றிச் சொன்னபோது நான் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினேன். நம்புவதற்குச் சுலபமான மனிதராகவும் அவர் இருந்தார்.

ஏனென்றால் மூத்தவர் இப்போது மறுபக்கத்து மனிதர். கட்சிக் கொடி பிடித்த அதே கையில் இன்று வேறொரு கொடி. திங்கட்கிழமைகளில் ஊர்வலம் போவார். நாடு கெட்டுப்போய்விட்டது, அந்நியர் கூடிவிட்டார்கள் என்று கத்துகிற ஊர்வலம். அதே திங்கட்கிழமை தெருவின் மறுகரையில் என் கணவர் எதிர்ப்பு அட்டையோடு நிற்பார். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர், நடுவில் பொலிஸ்காரர். இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து ஒரே இருமல் மருந்தைக் குடிப்பார்கள். மூத்தவர் என்னைக் கண்டால், அவர் பேசுவது ஜெர்மன்தான், ஆனால் என் காதில் எங்கள் வீட்டுத் தமிழாகவே விழும், "உன்னைச் சொல்லேல்லை, கண்டியோ" என்பார். இந்த 'உன்னைச் சொல்லேல்லை'யை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிற்று.

முறிவு வந்தது என் மகளின் பதினாலாம் வயதில். இந்தக் கிழக்குப் பக்கத்தில் பதினாலு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சடங்கு வைப்பார்கள், இனி நீ பெரிய ஆள் என்று. சாமியும் இல்லை, பூசையும் இல்லை. மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பூவும் ஒரு புத்தகமும் கொடுப்பார்கள், பிறகு குடும்பமாகச் சாப்பாடு. என் அப்பாவும் அம்மாவும் இதைச் சாமத்தியச் சடங்கு என்றே எடுத்துக்கொண்டு, வுப்பர்டாலிலிருந்து பட்டுச்சேலையும் பலகாரப் பெட்டியுமாக வந்து இறங்கினார்கள். அப்பாவுக்குக் கிழக்கு ஜெர்மனியில் தனிப் பாசம். ஊரைவிட்டு ஓடி வந்தபோது மொஸ்கோ விமானத்தில் கிழக்கு பெர்லினில் இறங்கி, நிலக்கீழ் ரயிலில் மேற்குக்குப் போனவர் அவர். "அவங்கள் எங்களை மறிக்காமல் விட்டவங்கள்" என்று செத்துப்போன அந்த நாட்டுக்கு இன்றைக்கும் நன்றி சொல்லுவார். தங்கள் சொந்தச் சனத்தை மறித்தவர்கள் அவர்கள்தான் என்று நான் சொன்னால், காதில் விழாதது மாதிரி இருப்பார்.

அப்பா இந்தக் கதையை அன்றும் சாப்பாட்டு மேசையில் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். மூத்தவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்தக் காலத்தில் வந்தவர்கள் வேறு, இப்போது வருகிறவர்கள் வேறு என்று தொடங்கினார். என் கணவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்பாவைக் காட்டிக் குடுத்தவனெல்லாம் ஆர் வரலாம், ஆர் வரக்கூடாது எண்டு கதைக்கிறான்" என்றார். அத்தனை பேர் முன்னால், பிள்ளையின் சடங்கில். மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, கோட்டைப் போட்டுக்கொண்டு, மாமியின் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போய்விட்டார். மாமி கேக் வெட்டிக்கொண்டிருந்தா. வெட்டுவதை நிறுத்தவில்லை. இந்த வயதிலும் எவ்வளவு நிதானம் என்று நான் அன்றைக்கு நினைத்தேன்.

என் மகள் அன்றைக்குத்தான் அந்தக் கதையை முதன்முதலில் முழுதாகக் கேட்டாள். பதினாலு வயதில் கேட்டது கல்லில் வெட்டியது மாதிரி நின்றுவிட்டது. பெரியப்பா இருக்கும் இடத்துக்கு வரமாட்டேன் என்றாள். அவர் அனுப்பிய பிறந்தநாள் அட்டைகளைத் திறக்காமலே பழைய கடதாசிப் பெட்டியில் போட்டாள். பள்ளிக்கூடத்தில் சரித்திரக் கட்டுரை எழுதும் காலம் வந்தபோது, தாத்தாவின் கோப்பை எடுத்துத் தரும்படி தகப்பனைப் பிடித்துக்கொண்டாள். இறந்தவரின் பிள்ளை கேட்டால் கொடுப்பார்கள், அதற்கு ஒரு விண்ணப்பம். என் கணவர் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார். கடைசியில் மகளே படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்து மேசையில் வைத்து, "அப்பா, கையெழுத்து" என்றாள். அவர் போட்டார். கோப்பு வருவதற்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் கட்டுரையும் முடிந்து, பள்ளிக்கூடமும் முடிந்து, மகள் வேறு ஊருக்குப் படிக்கப் போய்விட்டாள். இந்த நாட்டில் எல்லாம் வரும், ஆறுதலாக வரும்.

வந்ததை நான் உடைத்தேன், செருப்போடு நின்றுகொண்டு.

நாற்பது பக்கம் இருக்கும். பெரும்பாலும் தட்டச்சு. நடுவில் கையால் எழுதிய ஐந்து தாள்கள். வாசிக்க முன்னரே எழுதியது யார் என்று தெரிந்துவிட்டது. அந்தக் கையெழுத்து எங்கள் நிலவறை முழுக்க இருக்கிறது, மாமி முன்பு வருஷாவருஷம் தந்த பிளம் ஜாம் போத்தல்களின் மேல். முதலாவது தாளில் சொந்தப் பெயரையே போட்டிருந்தா. மற்ற நாலிலும் அவர்கள் கொடுத்த வேறொரு பெயர். முதலாவதை நான் எத்தனையோ தடவை வாசித்துவிட்டேன், மனப்பாடம். மாமி எழுதியிருந்தது இது: 'என் கணவர் நல்ல மனிதர், நல்ல ஆசிரியர். படகில் போவதென்று பிடிவாதமாக நிற்கிறார். தயவுசெய்து எங்களுக்குப் பயண அனுமதியை மட்டும் கொடுக்காமல் விடுங்கள். வேறு ஒன்றும் செய்யவேண்டாம். என் சின்ன மகனுக்கு நீந்தத் தெரியாது.'

அவ்வளவுதான். பொலிசிடம் போய்ப் பிள்ளைக்கு நீந்தத் தெரியாது என்று முறையிட்ட ஒரு தாய். அனுமதியை மட்டும் மறுத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள் என்று நினைத்திருக்கவேண்டும். ஒருமுறை எழுதியவளை அவர்கள் விடவில்லை, இன்னும் நாலு தடவை எழுதவைத்தார்கள். மாமா கரி அள்ளப் போனார்.

நான் கட்டிலில் இருந்து அழுதேன். யாருக்காக என்று கேட்டால் தெரியாது. அழுது முடிந்ததும் கோபம் வந்தது, அதுவும் யாரில் என்று தெரியாது. வுப்பர்டாலுக்குப் போன் எடுத்து அப்பாவிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "கடிதம் உனக்கு வந்ததோ?"

"இல்லை."

"பிறகேன் உடைச்சனீ?"

நல்ல கேள்வி. உடைக்கப் பழக்கினது நீங்கள்தானே என்று கத்தினேன். அவர், "எங்கட பக்கத்திலயும் ஆர் ஆரைக் காட்டிக் குடுத்தது எண்டு எனக்குத் தெரியும், பிள்ளை. போன கிழமையும் ஒரு கலியாண வீட்டில பக்கத்தில இருந்து சாப்பிட்டனான். சொல்லி என்னத்தைக் காணப்போறம்?" என்றார். அவரால் ஒரு பிரயோசனமும் இல்லை. வைத்துவிட்டேன்.

கணவரிடம் கொடுத்திருக்கவேண்டும். நியாயம் அதுதான். ஆனால் மாமிக்கு எண்பது தாண்டிவிட்டது. முதியோர் இல்லத்தில் இருந்தா. ஞாயிறு தவறாமல் என் கணவர் போய், அவவின் நகத்தை வெட்டி, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து, சக்கரநாற்காலியில் வைத்துப் பூங்காவைச் சுற்றித் தள்ளிக்கொண்டு வருவார். அவருக்கு இந்த உலகத்தில் ஒரு நேர்மையான ஆள் இருந்தால் அது அவருடைய அம்மாதான். அதை நான் எப்படிப் பிடுங்குவது? அதனால் கோப்பைத் தூக்கிக்கொண்டு மூத்தவரிடம் போனேன். கெட்டவன் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து முத்திரை குத்தியது அவர்மேல்தானே.

ஊருக்கு வெளியே அவருக்கு ஒரு தோட்டத் துண்டு இருக்கிறது, நடுவில் ஒரு மரக் கொட்டில். கொட்டிலின் மேல் கொடி. கொடியைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்று இருந்தது. முதல் தாளை மட்டும் எடுத்து நீட்டினேன். அவர் கையெழுத்தைப் பார்த்தார், வாசிக்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார். "நாடு ஒண்டான அடுத்த வருஷமே அம்மா வந்து சொன்னவ. என்ர கட்டிலில இருந்து அழுதவ."

"பிறகேன் நீங்கள் வாய் திறக்கேல்லை?"

"திறந்தா? அப்பா அவவோடதானே இருக்கவேணும். நான் எப்பிடியும் வெளியில நிண்டவன்தான்." கைகளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். "அவனுக்குச் சொல்லிப்போடாதை. அம்மா இருக்கும்மட்டும் சொல்லாதை."

அந்த மனிதனை நான் இருபது வருஷமாக வெறுத்து வந்தேன். நிம்மதியாக வெறுத்தேன். இப்போது அதுவும் இல்லாமல் போயிற்று. அவர் கட்சி மாறவில்லை, கொடியை இறக்கவில்லை, அடுத்த திங்கட்கிழமையும் போய்க் கத்தினார். அவர் கத்துவது என்னையும் என் பிள்ளையையும் பற்றித்தான். ஆனாலும் தகப்பன் சாகும்வரை முகம் கொடுக்காமல் இருந்ததை அவர் தாங்கியிருக்கிறார், தாய்க்காக. இரண்டும் ஒரே ஆள்தான். நல்லவன் கெட்டவன் என்று பிரித்து வைத்துக்கொண்டு வாழ்வது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஞாயிறுகளில் மாமியின் அறையில், என் கணவர் தமையனைத் திட்டுவார், மாமி கோப்பியில் பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்னுவா, நான் யன்னலைப் பார்ப்பேன். சில நேரம் என்னை அறியாமல் அவவை முறைத்துவிடுவேன். பிறகு அந்த ஏரியும் நீந்தத் தெரியாத பத்து வயதுப் பிள்ளையும் நினைவுக்கு வந்து, அவவின் கம்பளியைச் சரிசெய்துவிடுவேன். எனக்கு ஒன்று மட்டும் விளங்கவேயில்லை. கோப்பு வந்துவிட்டதா என்று என் கணவர் ஒருநாளும் கேட்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வசந்தத்தில் மாமி போய்விட்டா. தூக்கத்தில், வலியில்லாமல். மயானத்தின் சின்ன மண்டபத்தில் ஒழுங்குசெய்த பேச்சாளர் ஒருவர், அவவை வாழ்நாளில் கண்டிராதவர், நேர்மையான மனுஷி, குடும்பத்தைக் கட்டிக்காத்தவர் என்று பேசினார். என் கணவர் முன் வரிசையில் இடது பக்கம், மூத்தவர் வலது பக்கம், நடுவில் ஆறு காலி நாற்காலிகள். என் மகள் காலை ரயிலில் வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

குழியில் மண் போட்ட பிறகு எல்லோரும் வரிசையில் கை கொடுத்துக்கொண்டு வந்தார்கள். மூத்தவர் என் மகளுக்கு முன்னால் வந்து நின்று கையை நீட்டினார். கையில் இன்னும் மண் இருந்தது. அவள் அவருடைய முகத்தை நேராகப் பார்த்தபடி, தன் இரண்டு கைகளையும் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொண்டாள். ஊரே பார்த்தது. மூத்தவர் நீட்டிய கையை மெல்ல மடக்கி எடுத்துக்கொண்டு, தலையை அசைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மகளுக்கு அடுத்த நாள் பரீட்சை, கோப்பி குடிக்காமலே ரயிலேறிப் போய்விட்டாள். நாங்கள் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். அம்மா இருக்கும்மட்டும் என்றுதானே மூத்தவர் கேட்டிருந்தார். உடை மாற்றாமலே அலுமாரியிலிருந்து கோப்பை எடுத்து அவருக்கு முன்னால், மாமியின் பழைய வீட்டிலிருந்து எங்களுக்கு வந்த சமையலறை மேசையில் வைத்தேன். உறை கிழிந்திருந்தது. "நான்தான் உடைச்சனான். இரண்டு வருஷமாச்சு" என்றேன். "உங்கட அண்ணையில்லை."

அவர் அதைத் தொடவில்லை. "தெரியும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. என்ன தெரியும் என்று கேட்டேன்.

"நான்தான் அந்தக் கடிதத்தைத் தபாற்பெட்டியில போட்டனான்." மேசையைப் பார்த்தபடி பேசினார். "அம்மா இந்த மேசையிலதான் இருந்து எழுதினவ. பள்ளிக்கூடம் போற வழியில போடச் சொல்லித் தந்தவ. மேல விலாசம் இருந்தது. அந்தக் கட்டடம் எது எண்டு பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். போட்டன். பிறகு அப்பாவைக் கரி அள்ள விட்டாங்கள்."

"பிறகேன் இவ்வளவு காலமும் அவரை..."

"அம்மாவை வெறுக்க ஏலாது. என்னை நினைக்கவே பயம். அவன் இருந்தான். ஒருக்காலும் இல்லையெண்டு சொல்லேல்லை. ஒருக்கால் சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பன்."

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் தாள் எரியும். இரண்டு வருஷம் நான் தூக்கமில்லாமல் காத்த இரகசியம் அந்த வீட்டில் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. தாய்க்குத் தெரியும், மூத்தவருக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். ஆளாளுக்கு மற்றவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கேக் தின்றிருக்கிறார்கள். அந்தப் பொய்யை இன்னும் உண்மையென்று நம்பிக்கொண்டிருப்பது ஒரே ஒரு ஆள்தான். அவள் இப்போது ரயிலில் இருக்கிறாள்.

"நாளைக்குப் பரீட்சை முடியட்டும், சொல்லுவம்" என்றார் என் கணவர். இந்தக் குடும்பத்தில் நாளைக்கு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். போனை எடுத்து மகளை அழைத்து, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன்.

"அம்மா," என்றாள் எடுத்தவுடனே, "அப்பா பக்கத்திலயோ? பெரியப்பா கை நீட்டேக்க நான் குடுக்கேல்லை. அப்பா பாத்தவரோ? அவருக்குச் சந்தோஷமோ?"

நான் போனை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு குனிந்து பேசினார்.

"பாத்தனான்," என்றார். "நீ கை குடுக்காமல் விட்டிருக்க வேண்டியது அவருக்கில்லை, பிள்ளை. எனக்கு. அடுத்த ஸ்டேஷனில இறங்கி நில். நான் வாறன்."